சீனியற்ற பானமும் பிறவிக் குறைபாடும்



யாழ்ப்பாணத்துக் கடைகளில் இப்போது தாராளமாகக் கிடைக்கும் ‘சீனியற்ற’ குளிர்பானப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகப்பிலே பெரிய எழுத்தில் பெயர் இருக்கும். அதனருகே பச்சை நிற வட்டம் ஒன்றும் காணப்படும். போத்தலைத் திருப்பினால், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், சேர்ந்த பொருள்களின் பட்டியலுக்குக் கீழே ஒரு சிறு வரி தென்படும். ‘பீனைல்கீற்றோனூரியா உடையோர் கவனிக்க: இதில் பீனைலலனீன் அடங்கியுள்ளது’ என்பது அவ்வரியின் கருத்து. நான் எடுத்துப் பார்த்த போத்தல்கள் பலவற்றில் அது ஆங்கிலத்தில் மாத்திரமே இருந்தது. ஆங்கிலம் நன்கு அறிந்தோரும் அச்சொல்லில் இடறி விழுவர். இவ்வரி யாருக்காக எழுதப்பட்டது, அதைப் படிக்கத் தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம்முடைய முன்னோர் இனிப்புக்காகக் கடையை நாடியவர்களல்லர். சுண்ணாம்பு தடவிய முட்டியில் பனையிலிருந்து இறங்கும் கருப்பணி அவர்களுடைய குளிர்பானமாயிருந்தது; அதைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தினர். பின்னர்ச் சீனி வந்தது. சோடாவும் சர்பத்தும் வந்தன. வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுப்பதே மரியாதை என்ற வழக்கமும் வந்தது. அவ்வழக்கத்தின் பின்னே நீரிழிவும் வந்தது. இன்று நம் ஊர்களில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்டது.

ஆதலின் அரசாங்கம் சீனியின்மேற் கண் வைத்ததில் வியப்பில்லை. 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் தேதியிலிருந்து, போத்தலில் அடைத்த பானங்களுக்கு நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லி லீற்றர் பானத்தில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் மஞ்சட் செம்மை. 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. 2017 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம், பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதித்தது. இவை நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வியாபாரி என்ன செய்வான்? சீனியைக் குறைப்பான், நாக்கு இனிப்பை மறக்கவில்லையாதலால், சீனியின் இடத்தில் வேறோர் இனிப்பை வைப்பான். அவ்வேறு இனிப்பைப் பற்றி அந்தப் பச்சை வட்டம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது சீனியை மாத்திரம் அளக்கும் கோல். ‘சீனி குறைவு’ என்று அது சொல்வதை ‘யாவர்க்கும் நன்று’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கின்றோம்.

செயற்கை இனிப்பு நம் வீடுகளுக்குள் நுழைய வேறொரு வழியும் உண்டு. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர், பெட்டியின் ஒரு மூலையில் இனிப்பு மாத்திரை டப்பாக்களைக் கொண்டுவருகின்றனர். அப்பாவுக்கென்று வந்த டப்பா சில நாளில் வீட்டுக்கே பொதுவாகிவிடுகின்றது. பேரப்பிள்ளையின் தேநீருக்குள்ளும் ஒரு மாத்திரை விழுகின்றது.

இவ்வினிப்புக்கள் பல. அவற்றுள் மூத்தது சக்கரின். அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1879 ஆம் ஆண்டில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதன் தங்கை எனத்தக்க அஸ்பார்ட்டேம். இதுவும் தற்செயலாகவே வெளிப்பட்டது. 1965 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற அமெரிக்க இரசாயன அறிஞர், வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, ஒரு தாளை எடுப்பதற்காக விரலை நாவில் நனைத்தார், விரல் தித்தித்தது. விரலில் ஒட்டியிருந்தது சீனியைப் போல ஏறக்குறைய 200 மடங்கு இனிக்கும் ஒரு தூள். ஆய்வுகூடத்தில் விரலை நாவில் வைக்கலாகாதென்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். இனிப்புக்களின் வரலாற்றைப் படித்த பிள்ளை அதை நம்புமோ என்பது வேறு விடயம். பல விவாதங்களுக்குப் பின் 1981 இல் உணவிலும், 1983 இல் குளிர்பானங்களிலும் அதனைச் சேர்க்க அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

அஸ்பார்ட்டேம் எதனால் ஆயது? அதன் பெரும் பகுதி இரண்டு அமினோ அமிலங்கள். ஒன்று அஸ்பார்ட்டிக் அமிலம். மற்றது பீனைலலனீன். இவை புதிய பொருள்களல்ல. நாம் உண்ணும் பருப்பு, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள புரதமெல்லாம் இத்தகைய அமினோ அமிலங்களாலேயே கோக்கப்பட்டது. புரதத்தின் நூறில் ஏறத்தாழ ஐந்து பங்கு பீனைலலனீன் எனலாம். அஸ்பார்ட்டேமிலோ பாதிக்கு மேல் அதுவே. குடலை அடைந்ததும் அஸ்பார்ட்டேம் முற்றாக உடைந்து, தன்னிடமுள்ள பீனைலலனீனை விட்டுவிடுகின்றது.

நமக்கு அதனால் தீங்கில்லை. பீனைலலனீன் உடலுக்கு வேண்டிய பொருள். வேண்டியது போக எஞ்சியதை ஈரலிலுள்ள ஒரு நொதியம் தைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிடுகின்றது. இதனை நம் தோட்டத்து வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் வாய்க்கால் வழியே ஓடி, மடை திறந்த பாத்திக்குட் பாய்கின்றது. மடை அடைபட்டிருந்தால் என்னாகும்? பாத்தி காய்ந்து கிடக்கும். வாய்க்காலோ கரை உடைத்து, வேண்டாத இடத்தையெல்லாம் சேறாக்கும். அந்த நொதியமே மடை. பிறவியிலேயே அம்மடை திறவாத சிலர் உலகில் உளர். அவர்களுடைய இரத்தத்தில் பீனைலலனீன் சாதாரண அளவைப்போல் இருபது மடங்குக்கு மேலும் தேங்கி நிற்கும். பெரியவர்களின் உடம்பிலே அது உடனே பெருந் தீங்கு செய்வதாகத் தோன்றாது. வளருகின்ற குழந்தையின் மூளையையோ அது மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். பிறக்கும்போது எவ்விதக் குறையும் தோன்றாத பிள்ளை, நாலாறு மாதத்தில் மந்தமாகும், ஒரு வயதிலே அறிவு பின்தங்கும், வலிப்பு வரலாம், தோலும் மயிரும் தன் குடும்பத்தாரைவிட வெளிறித் தோன்றும். இதுவே பீனைல்கீற்றோனூரியா.

இந்நோயைக் கண்டறிந்த வரலாறு, ஒரு தாயின் பிடிவாதத்தின் வரலாறு என்று சொன்னால் மிகையாகாது. நோர்வே நாட்டிலே ஒரு தாய்க்கு இரு பிள்ளைகள். இருவரும் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். இருவரிடத்தும் ஒருவகைப் பூஞ்சண வாடை ஓயாது வீசியது. அவ்வாடைக்கும் பிள்ளைகளின் நோய்க்கும் தொடர்பு உண்டென்று அத்தாய் நம்பினாள். வைத்தியர்கள் பலர் கைவிரித்த பின்பும் அவள் கேட்பதை விடவில்லை. 1934 ஆம் ஆண்டில் அஸ்பியோர்ன் ஃபொலிங் என்ற வைத்தியர், இரசாயனமும் கற்றவர், அப்பிள்ளைகளின் சிறுநீரிற் பெரிக் குளோரைட்டு என்ற கரைசலைச் சில துளி விட்டார். நீரிழிவு முற்றியோரின் சிறுநீரில் அது செந்நிறம் காட்டும். ஒன்றுமில்லையேல் தன் மஞ்சட் கபில நிறத்திலேயே நிற்கும். இங்கே அது பச்சையாக மாறியது. அதுவரை எவரும் கண்டிராத நிறம். ஃபொலிங் அப்பச்சையை விடாது துரத்தி, அதற்குக் காரணமான பொருள் பீனைலலனீனிலிருந்து பிறப்பது என்று நிறுவினார். அந்த இரு பிள்ளைகளுக்கும் அவ்வறிவாற் பயன் விளையவில்லை, காலம் கடந்துவிட்டது. நோபெல் பரிசு பெற்ற பேர்ள் பக் அம்மையாரின் மகளும் இதே நோயினள். நோயின் பெயரை அறியாமலே அம்மையார் 1950 இல் மகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெயர் தெரிந்தது அதற்கும் பல ஆண்டு கழித்தே.

பெயர் தெரிந்தால் மாத்திரம் போதுமா? இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரில் இன்னொரு தாய், ‘நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி அதற்கு என்ன செய்யப்போகின்றீர்கள்?’ என்று வைத்தியசாலையில் நாள்தோறும் வந்து கேட்டாள். அவளுடைய தொல்லை தாங்காமலே ஹோர்ஸ்ட் பிக்கெல் என்ற வைத்தியரும் அவருடைய தோழரும் பீனைலலனீன் நீக்கிய ஓர் உணவை ஆய்வுகூடத்திலே தயாரித்தனர். 1953 இல் அதன் பயன் வெளியிடப்பட்டது. அதுவரை நடக்கவும் நிற்கவும் இயலாது அழுதுகொண்டிருந்த அக்குழந்தை அவ்வுணவின் பயனால் தவழவும் நிற்கவும் தொடங்கியது. அவ்வுணவிற் பீனைலலனீனைச் சேர்த்தபோது மீண்டும் பின்னடைந்தது. இப்பிறவி நோயை உணவினால் அடக்கலாம் என்று உலகம் கண்டது அப்போதுதான். 1960களின் தொடக்கத்தில் ரொபேர்ட் கத்ரி என்ற அமெரிக்கர், பிறந்த சில நாளிலே குழந்தையின் குதிக்காலிற் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைத் தாளில் ஊறவைத்துச் சோதிக்கும் எளிய முறையை உண்டாக்கினார். 1963 இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் அதனைச் சட்டமாக்கியது. இன்று பல நாடுகளில் இச்சோதனையின்றிக் குழந்தை வீடு செல்வதில்லை. முதல் வாரங்களிலேயே உணவு முறையைத் தொடங்கிய பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளுடன் ஒன்றாய்ப் படித்துத் தேறித் தொழில் புரிகின்றனர். ஒரு சிலருக்குப் பயன்படும் மருந்துகளும் 2007 க்குப் பின் வந்துள்ளன. ஆயினும் உணவே இன்னும் முதன் மருந்து.

அவ்வுணவு எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிண்ணம் பாலில் 300 மில்லிக்கிராமுக்கு மேல் பீனைலலனீன் உண்டு. ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவே. கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் 200 முதல் 500 மில்லிக்கிராம் வரையே. எனவே மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை, பருப்பு, பாற்கட்டி ஒன்றும் இல்லை. சோறும் அளந்தே. சவ்வரிசி, காய்கறி, பழங்கள், இவற்றோடு பீனைலலனீன் நீக்கிய ஒரு மாப்பால். இந்த அளவுச் சிறையில் அப்பிள்ளைக்குத் தடையின்றிக் கிடைக்கும் இன்பங்களுள் ஒன்று சீனி. ஆம், சாதாரணச் சீனி! நீரிழிவுக்காரருக்கு நாம் மறைத்துவைக்கும் அச்சீனியில் பீனைலலனீன் அணுவளவும் இல்லை. பனங்கட்டித் தேநீர் இப்பிள்ளைக்குத் தீங்கில்லை. ‘உடம்புக்கு நல்லது’ என்று அன்போடு நீட்டும் சீனியற்ற பானமே தீங்கு.

எவ்வளவு தீங்கு? அச்சமூட்டுவது என் நோக்கமன்று. ஆகையால் கணக்கைச் சொல்கின்றேன். அஸ்பார்ட்டேம் மாத்திரமே சேர்த்து இனிப்பாக்கிய 330 மில்லி லீற்றர்த் தகரக் குவளை ஒன்றில் ஏறத்தாழ 100 மில்லிக்கிராம் பீனைலலனீன் இருக்கலாம். வேறு இனிப்பும் கலந்த பானங்களில் குறையும். ஓர் இனிப்பு மாத்திரையில் 10 மில்லிக்கிராமளவு. நாள்தோறும் உணவின் மூலமாக 2, 3 கிராம் பீனைலலனீனை உட்கொள்ளும் உங்களுக்கும் எனக்கும் இது கடலிற் கரைத்த பெருங்காயம். நாளொன்றுக்கு 300 மில்லிக்கிராமே உண்ணத்தகும் பிள்ளைக்கோ, ஒரு குவளையில் மூன்றிலொரு பங்கு போய்விடுகின்றது. ஒரு முறை தெரியாமற் குடித்துவிட்டாற் பிள்ளை மயங்கி விழப்போவதில்லை. அன்றைய உணவிற் குறைத்துச் சமன் செய்ய முடியும். தெரியாமலே நாள்தோறும் குடித்தால், பெற்றோர் எவ்வளவு கண்ணுங் கருத்துமாய் அளந்து ஊட்டினும் இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறிக்கொண்டே நிற்கும். காரணம் எங்கே ஒளிந்திருக்கின்றதென்று வைத்தியரும் அறியார். பானத்தில் மாத்திரமா? சீனியற்ற சூயிங்கம், சப்பித் தின்னும் விற்றமின் மாத்திரை, பிள்ளைகளுக்கான சில மருந்துத் தூள்களிலும் அஸ்பார்ட்டேம் உண்டு.

இவ்விடத்திலே நம் வெப்ப நாட்டுக்குரிய ஒரு குறிப்பையும் சொல்லவேண்டும். அஸ்பார்ட்டேம் சூட்டைத் தாங்காது. கொதிக்கவைத்தாலோ, வெயில் விழும் கடையிற் பல மாதம் கிடந்தாலோ அதன் இனிப்புக் குன்றும். ‘இனிப்பே இல்லை, ஆகையால் ஒன்றுமில்லை’ என்று எண்ணலாகாது. இனிப்புப் போனாலும் பீனைலலனீன் உள்ளேயே கிடக்கும்.

மற்றையோர் இவ்வினிப்பை உண்ணலாமா என்ற கேள்வி எழும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அஸ்பார்ட்டேமைப் ‘புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாயிருக்கலாம்’ என்ற வகுப்பிற் சேர்த்தது. சான்று சொற்பமே என்றும் அதுவே கூறிற்று. அதே மாதத்தில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிக்கிராம் வரை உண்ணலாமென்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு அது 2,400 மில்லிக்கிராம். பத்திரிகைகள் முதலாவதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. இரண்டாவதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எதுவாயினும், இந்த வரம்பு பீனைல்கீற்றோனூரியா உடையோருக்குரியதன்று. அவர்களுடைய வரம்பை அவர்களுடைய இரத்தமே சொல்லும்.

‘அதிபரே, இது வெள்ளைக்காரரின் நோயல்லவா? நமக்கேன் இந்தக் கவலை?’ என்று ஒரு நண்பர் கேட்டார். ஐரோப்பாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்றென இது காணப்படுகின்றது என்பது உண்மை. துருக்கியில் அதனினும் மிகுதி. பின்லாந்திலும் யப்பானிலும் மிக அரிது. நம் மக்களிடையேயும் அரிதுதான். ஆனால் அரிது என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையே ஒரு குழந்தையின் வாழ்வு நிற்கின்றது. மேலும், இக்குறை எவ்வாறு வருகின்றது என்று தெரிந்தால் நண்பர் அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். தாய், தந்தை இருவரும் எவ்விதக் குறையுமின்றி வாழ்வர். ஆயினும் ஒவ்வொருவரிடத்தும் பழுதான மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் இருக்கும். நல்லது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருவரிடமிருந்தும் பழுதானதையே பெறும் பிள்ளைக்கு மாத்திரம் நோய் வரும். ஒவ்வொரு பிறப்பிலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. அதனாலேயே ஒரே வீட்டில் அண்ணன் சுகதேகியாகவும் தங்கை நோயாளியாகவும் இருப்பதைக் காண்கின்றோம்.

அரிதான பழுது இரண்டு ஒரே வீட்டிற் சந்திப்பதற்கு எளிய வழி எது? இரத்த உறவிற் செய்யும் திருமணம். இலண்டனில் ஆர்ச்சிபோல்ட் கரொட் என்ற வைத்தியர், இதே பீனைலலனீன் பாதையில் வேறோர் இடத்தில் அடைபடும் ‘அல்கப்ரனூரியா’ என்ற குறைபாட்டை ஆராய்ந்து, அப்பிள்ளைகளின் பெற்றோர் பலர் மைத்துன முறையினராயிருப்பதை 1902 இலேயே எடுத்துக் காட்டினார். மச்சான் மச்சாள் முறையிற் கலியாணம் செய்வது நம்மிடையே நெடுங்கால வழக்கம். மாமன் மகளை உரிமைப் பெண் என்கிறோம். சொந்த மச்சானும் மச்சாளும் தம் மரபணுக்களில் எட்டிலொரு பங்கைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். அவ்வழக்கத்தை ஒழியுங்கள் என்று வானொலியில் முழங்க நான் வரவில்லை. அத்தகைய திருமணங்களிற் பிறக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர். ஆனால் பெண் கேட்டுப் போகும்போது சாதகத்தைப் பார்க்கும் நாம், ‘இந்தக் குடும்பத்தில் காரணம் தெரியாமற் பிள்ளை இறந்ததுண்டா? அறிவு வளர்ச்சி குன்றியவர் ஒருவருக்கு மேல் உண்டா?’ என்றும் மெதுவாகக் கேட்டு, உண்டெனில் வைத்தியரிடம் சொல்லலாமே. மறைப்பதற்குரிய பழியாக அதை எண்ணும் வரைக்கும் வைத்தியருக்கும் வழி பிறக்காது.

நம் நாட்டில் பிறந்த குழந்தையின் குதிக்காலில் இரத்தம் எடுக்கும் வழக்கம் வந்துள்ளது. தைரொயிட்டுச் சுரப்பிக் குறையைத் தேடும் சோதனை அது. மிகப் பயனுள்ள சோதனை. ‘இரத்தம் எடுத்தார்களே, எல்லாம் பார்த்திருப்பார்கள்’ என்று பெற்றோர் எண்ணிவிடுவதே பிழை. முதற் பிள்ளைக்கு விளங்காத நோய் இருந்ததாயின், அடுத்த பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் அதைக் கூறி, வளர்சிதைமாற்றக் குறைகளுக்குத் தனிச் சோதனை வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், ‘செயற்கை இனிப்புக் கெட்டது, இயற்கை இனிப்பு நல்லது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இயற்கை நமக்கு அத்துணை எளிய பாடங்களைக் கற்பிப்பதில்லை. பழவெல்லத்தைச் செரிக்கமுடியாத வேறொரு பிறவிக் குறையும் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் வைத்தியர்கள் அதனைப் பிரித்தறிந்தனர். தாய்ப்பால் குடிக்கும் வரைக்கும் அக்குழந்தை நலமாக இருக்கும். பழக்கூழும் சீனியும் ஊட்டத் தொடங்கியதும் வாந்தி எடுக்கும், இரத்தத்திற் குளுக்கோசு வீழ்ந்து சோரும், ஈரல் கெடும். அப்பிள்ளைக்கு மாம்பழமும் நஞ்சு, தேனும் நஞ்சு, நான் சற்றுமுன் புகழ்ந்த பனங்கட்டியும் நஞ்சு. ‘சீனியற்றது’ என்று பெயர் பெற்ற பாணி மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சோர்பிற்றோல் உடலுக்குள்ளே பழவெல்லமாக மாறுவதால் அதுவும் ஆகாது. ஆனால் அஸ்பார்ட்டேமோ அப்பிள்ளைக்குத் தீங்கற்றது! ஒரு பந்தியில் இவ்விரு பிள்ளைகளும் அருகருகே அமர்ந்தால், ஒருவனுடைய குவளை மற்றவனுக்கு ஆகாது. இப்பிள்ளைகளிற் சிலர் யாரும் சொல்லாமலே இனிப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வர். ‘பழம் தின்னாத பிள்ளை’ என்று அதட்டி ஊட்டும் பாட்டிமார், பிள்ளை ஏன் மறுக்கின்றது என்று ஒரு முறை எண்ணவேண்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல்களில் நின்று தாகந் தீர்க்கும் இளைஞர்களையும், இல்ல விளையாட்டுப் போட்டியன்று வெயிலில் ஓடிய பிள்ளைகளுக்குப் பானம் கரைத்துக் கொடுக்கும் ஆசிரியர்களையும் நான் ஒன்று வேண்டுகின்றேன். கரைப்பது எது என்று கேட்பவருக்குச் சொல்லக்கூடியதாக அந்தப் போத்தலை எறிந்துவிடாமல் மேசைமேல் வையுங்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பாடசாலையிற் சேரும்போது பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதும் நாம், உண்ணலாகாதது எது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வாசிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. உணவுச் சேர்க்கைகளுக்கு உலகெங்கும் எண்கள் வழங்குகின்றன. அஸ்பார்ட்டேமின் எண் 951. அஸ்பார்ட்டேமும் அசிசல்பேமும் சேர்ந்த உப்பின் எண் 962. இவ்விரண்டிலும் பீனைலலனீன் உண்டு. சக்கரின் 954, சுக்குரலோசு 955, இனிப்புத் துளசியிலிருந்து எடுப்பது 960. இம்மூன்றிலும் அது இல்லை. பழவெல்லக் குறையுடையோர் தேடித் தவிர்க்க வேண்டிய சோர்பிற்றோலின் எண் 420. பிள்ளைகள் கிரிக்கெற்று ஓட்டங்களை மனத்திற் பதிப்பதைப் பார்க்கும்போது, நாலைந்து எண்களை மனனம் பண்ணுவது குடும்பத்தாருக்குக் கடினமாயிராது.

ஆனால் எண்ணைக் கற்பிப்பது ஒரு மாற்று வழியே. எழுத்தாற் சொல்லவேண்டியதை எழுத்தாலேயே சொல்லவேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இவ்வெச்சரிக்கையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியுள்ளன, இந்தியாவும் அவ்வாறே. எச்சரிக்கை எழுதப்பட்டாற் போதாது. உரியவர் படிக்கும் மொழியில், படிக்கக்கூடிய பருமனில், பார்க்கும் இடத்தில் இருத்தல் வேண்டும். மருத்துவச் சொற்களைத் தமிழில் சொல்ல முடியாதென்ற சாட்டு யாழ்ப்பாணத்தாரிடம் செல்லாது. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இல் வெளியாயிற்று. இரசாயனம் முழுவதையும் அன்று தமிழில் எழுத முடிந்ததாயின், இன்று ஒரு போத்தலில் ஒரு வரி எழுத முடியாதா?

அவ்வரியைப் படிக்கவேண்டியவர்கள் குழந்தைகளின் பெற்றோர் மாத்திரமல்லர். மேலை நாடுகளிற் பிறந்து, பிறந்த வாரத்திலேயே இக்குறை கண்டறியப்பட்டு, உணவுக் கட்டுப்பாட்டினால் நலமாக வளர்ந்த நம் பெண்கள் இன்று மணப்பருவம் எய்தியிருக்கக்கூடும். அத்தகையவள் தன் கட்டுப்பாட்டைத் தளர்த்திய நிலையிற் கருவுற்றால், அவளுடைய இரத்தத்தில் ஏறிய பீனைலலனீன் வயிற்றிலுள்ள சிசுவின் மூளையையும் இதயத்தையும் தாக்கும். அச்சிசு தானே அந்நோயைப் பெறாதிருந்தாலும் தாக்கும். கருவுறுவதற்கு முன்னரே அளவைக் குறைத்து, பிள்ளை பிறக்கும் வரை அப்படியே காத்தால் பிள்ளை நலமாகப் பிறக்கும். அவள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, ‘நீங்கள் அங்கே சீனி போடமாட்டீர்களே’ என்று மாமியார் அன்போடு நீட்டும் பானத்தில் 951 இருக்கலாம். ‘வேண்டாம் மாமி, எனக்குச் சீனி போட்டதே தாருங்கள்’ என்று அவள் சொல்வாளாயின், அதை நாகரிகம் தெரியாத பேச்சென்று எடுத்துக்கொள்ளாது சீனிப் போத்தலைத் திறவுங்கள்.

போத்தலின் முகப்பில், அந்தப் பச்சை வட்டத்துக்கு அருகிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பருமனில் இவ்வாறு எழுதப்படவேண்டும் என்பது என் கருத்து: ‘பீனைலலனீன் கொண்டது. பீனைல்கீற்றோனூரியா நோயுடையோர் அருந்தலாகாது.’